வீட்டிலேயே கார் பிரேக்கில் ஏர் எடுப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

பிரேக் பெடலை மிதித்தால் மெத்தென்று உள்ளே இறங்குகிறது, இரண்டு தடவை அடித்து மிதித்தால்தான் பிடிக்கிறது. இல்லையென்றால் பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதில் ஏதோ ஒன்றுக்காகத்தான் இதைப் படிக்க வந்திருப்பீர்கள். ஏர் எடுப்பது என்றால், பிரேக் ஆயில் குழாய்களில் புகுந்த காற்றைப் பழைய ஆயிலோடு சேர்த்து வெளியேற்றுவது.

வேலை கஷ்டமானதல்ல. முதன்முதலில் நான் செய்யக் கிளம்பியபோது என்னைப் படுத்தி எடுத்தது கிடைத்த தகவல்கள்தான். வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கார்களை வைத்து எடுத்தவை. ஸ்டீயரிங் இடப்பக்கம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், பக்கத்தில் லிஃப்ட். நம் வாசலில் நிற்பதோ வலப்பக்க ஸ்டீயரிங், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சின்னக் கார். அந்த மாதிரிக் காருக்காக எழுதியது இது.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வேலை கெட்டுப்போவது இரண்டே இடத்தில்தான். பெடலில் உட்கார்ந்திருப்பவரும், நிப்பிளை (ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) திறப்பவரும் பேசிக்கொள்வதில் ஒன்று. பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்க மறப்பதில் இன்னொன்று. மீதியெல்லாம் ஸ்பேனர் வேலை.

1. முதலில் இது ஏர்தானா என்று பாருங்கள்

இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். கடைசிவரை மெத்தென்று போனால் ஏர் இருக்கலாம். பாதிக்குக் கீழே போய், அங்கே கட்டியாக நின்றால் அது பெரும்பாலும் ஏர் அல்ல. பின் டிரம்மில் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அதற்கு ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். எத்தனை லிட்டர் ஆயிலை ஓடவிட்டாலும் பெடல் மேலே வராது.

மூன்றாவது வகை ஆபத்தானது. பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். அது மெதுவாகத் தானே கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுவது இதுதான்) இருக்கும் ரப்பர் கெட்டுவிட்டது. நான்கு சக்கரத்தின் உட்புறத்திலும் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கசிவு இருந்தால் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஆயில்தான் பழசு என்றாலும் மாற்றத்தான் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-ம் 140-ம். சமதளத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரைக்குப் போகும். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இருக்கும்.

2. இந்தக் கார்களில் கை வைக்க வேண்டாம்

வாரண்டியில் இருக்கும் காரைக் கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள். பிரேக்கில் பின்னால் ஏதாவது பிரச்சினை வந்தால், வெளியே பிரித்ததா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பலவற்றில் பிரேக்கை இயக்குவதே மின்னணுக் கட்டுப்பாடுதான். அவற்றுக்கு ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) இல்லாமல் ஏர் எடுக்க முடியாது.

ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பற்றித்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் காரிலும் இருக்க வாய்ப்பு அதிகம். டப்பா காலியாகாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் பெரும்பாலான கார்களில் இதனால் தொந்தரவில்லை. சாதாரண முறையே போதும். டப்பா காலியாகி ஏர் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விட்டால்தான் வம்பு. அதை வெளியேற்றப் பல கார்களில் ஸ்கேனர் வைத்து உள்ளேயிருக்கும் பம்பை ஓட்ட வேண்டும். டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

3. ஆயிலும் சாமான்களும் செலவும்

எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். டாட் 3 என்று போட்டிருந்தால் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 4 என்று இருந்தால் டாட் 3-க்கு இறங்காதீர்கள். டாட் 5.1-ம் இவற்றோடு கலக்கும். ஆனால் வெறும் டாட் 5 என்பது சிலிகான் ஆயில், அதன் பக்கமே போக வேண்டாம். பெயர் இப்படி ஒட்டி இருப்பதால் ஆன்லைனில் வாங்கும்போது இரண்டு முறை படியுங்கள்.

சீல் உடையாத புட்டியாக வாங்குங்கள். தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். "இருக்கிறதில் கொஞ்சம் தருகிறேன்" என்று திறந்த டப்பாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சென்னை மாதிரி ஊர்க் காற்றில் மூடி திறந்து கிடந்த ஆயில் எவ்வளவு ஈரத்தைக் குடித்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. போலிச் சரக்கும் நடமாடுவதால், சென்னைக்காரர்கள் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்கே போனாலும் பில் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். 500 மில்லி டாட் 4 ஏறக்குறைய 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். அரை லிட்டர் போதும் என்பார்கள். முதல்முறை என்றால் இரண்டு அரை லிட்டர் புட்டியாக வாங்குங்கள். இரண்டாவது தேவைப்படாவிட்டால் சீல் உடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர் வேண்டும். பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ., சில கார்களில் 7, 9, 11-ம் உண்டு. வாங்குமுன் குனிந்து அளவு பார்த்துவிடுங்கள். வாய் திறந்த ஸ்பேனர் மட்டும் கூடவே கூடாது, நிப்பிளின் முனையை வழித்துவிடும்.

டியூப் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும், உள் விட்டம் 5 மி.மீ. அளவில். கொத்தனார்களின் லெவல் டியூப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், நழுவும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் காற்று டியூப் கொஞ்சம் இறுக்கம். நுனியை வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்தால் ஏறிவிடும். ஒரு மீட்டர் போதும்.

இன்னும்: மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச், ஒரு தண்ணீர் பாட்டில், பனியன் வேஸ்ட் கொஞ்சம், கையுறை, ஒரு வாளித் தண்ணீர். டியூப், சிரிஞ்ச், ஸ்பேனர் எல்லாம் சேர்த்தே சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரிய செலவு ஜாக்கி ஸ்டாண்டுதான், ஒரு ஜோடி இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆகும். அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் கை நீட்டக் கூடாது.

நேர்மையாகச் சொன்னால், முதல்முறை பணம் மிச்சமாகாது. தெருமுனை மெக்கானிக் கூலி 500 ரூபாய்க்குள்கூட முடித்துவிடுவார். ஸ்டாண்டும் ஸ்பேனரும் வாங்கிய காசு அடுத்தடுத்த முறைகளில்தான் திரும்பும். சரியான ஆயில்தான் போனது, நான்கு சக்கரத்திலும்தான் எடுத்தது என்று தெரிந்து ஓட்டுவது வேறு கணக்கு.

4. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்

எல்லோரும் ஞாயிறு காலைதான் தொடங்குவார்கள். அன்றைக்கு ஸ்பேர்ஸ் கடை பூட்டியிருக்கும். நிப்பிள் உடைந்தாலோ ஆயில் தீர்ந்தாலோ கார் ஸ்டாண்டு மேலேயே திங்கள் வரை நிற்கும். சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். முதல்முறைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், பழகிய பிறகு ஒன்றரை மணி நேரத்தில் முடியும். அன்று மாலை கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று காரை நம்பி எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மழை நாளும் வேண்டாம்.

முந்தைய நாள் இரவே நான்கு நிப்பிளின் மரையிலும் டபிள்யூடி-40 மாதிரித் துரு இளக்கியைக் கொஞ்சமாக அடித்து வையுங்கள். டிஸ்க்கிலோ பேடிலோ படக் கூடாது. துணியை மறைத்துப் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

5. காரைத் தூக்கி நிறுத்துவது

சிமெண்ட் தரை, சமதளம். மண் தரையில் ஸ்டாண்டு புதையும். முதல் கியரில் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கையில் ஹேண்ட்பிரேக் எதையும் பிடித்து நிறுத்தாது என்பதை மறந்துவிடுகிறார்கள். முன்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை. ஸ்டாண்டை வைக்க வேண்டிய இடம் கையேட்டில் படத்தோடு இருக்கும். வைத்த பிறகு காரை ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

வீலைக் கழற்றிவிட்டால் வேலை சுலபம். டிரம்மை மட்டும் கழற்றாதீர்கள். டிரம் இல்லாமல் யாராவது பெடலை மிதித்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

6. நான்கு நிப்பிளும் இளகுகிறதா?

டிரம்மில் நிப்பிள் பின் தகட்டின் உட்புறம் இருக்கும், டிஸ்க்கில் கேலிப்பரின் மேல்முனையில். கேலிப்பரை அண்மையில் கழற்றி மாட்டியிருந்து நிப்பிள் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் இடமும் வலமும் மாறிவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் எவ்வளவு மிதித்தாலும் ஏர் வெளியேறாது.

ரப்பர் மூடியைக் கழற்றி, மண்ணைத் துடைத்து, ரிங் ஸ்பேனரை முழுசாக உட்காரவைத்து மெதுவாக இளக்குங்கள். இளகியதும் உடனே மூடிவிடுங்கள். நான்கையும் இப்படிப் பார்த்த பிறகுதான் டப்பாவில் கை வைக்க வேண்டும். கடலோர ஊர்க் கார்களில் பின் நிப்பிள் துருவேறிப் பிடித்துக்கொண்டிருப்பது சகஜம். ஸ்பேனர் வளைகிற மாதிரி இருந்தால், நிப்பிள் முறுக்குகிற மாதிரித் தோன்றினால், அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். இந்த நிலையில் ஆயில் எதுவும் வெளியே போகவில்லை, காரை ஓட்டிக்கொண்டே போகலாம். உடைந்துவிட்டால் டிரம்மில் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டி வரும், முன்னால் கேலிப்பர். இரண்டாவது ஆயிரக்கணக்கில் போகும்.

7. டப்பாவைக் காலிசெய்து நிரப்புவது

மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள். சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள். அடியில் கொஞ்சம் விட்டுவிட வேண்டும், துளைகள் வெளியே தெரியக் கூடாது. சில கார்களில் கிளட்ச்சுக்கான ஆயிலும் இதே டப்பாவிலிருந்து பக்கவாட்டுக் குழாய் வழியாகப் போகும். அந்தக் குழாய்க்குக் கீழே மட்டம் இறங்கினால் கிளட்ச்சிலும் ஏர் ஏறி, ஒரு வேலை இரண்டு வேலையாகும். இந்த நேரத்தில் பெடலை யாரும் தொடக் கூடாது. வண்டிக்குள் குழந்தைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகாமல் சும்மா மேலே வையுங்கள். பெடல் திரும்பும்போது ஆயில் மேலே துள்ளும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். வாளி எதற்கு என்பது இப்போது புரியும்.

இன்ஜின் ஆயில் ஊற்றிய புனல், பவர் ஸ்டீயரிங் ஆயில் இருந்த புட்டி, எதுவும் இந்த டப்பாவின் பக்கம் வரக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் கொஞ்சம் போனாலும் பிரேக்கின் ரப்பர் எல்லாம் உப்பிவிடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி வாஷர் வரை மாற்ற வேண்டும்.

8. மிதிப்பவரும் திறப்பவரும்

பெடலில் உட்காரப் பொறுமையான ஆளைத் தேடுங்கள். தம்பி, மச்சான், மனைவி, யாராக இருந்தாலும் காருக்கு வெளியே வைத்து ஒருமுறை முழுசாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஓட்டத் தெரிந்தவர்கள்தான் பழக்கத்தில் காலை எடுத்துவிடுகிறார்கள்.

வரிசை இதுதான்:

நிப்பிளில் முதலில் ஸ்பேனர், அதன்மேல் டியூப். டியூப்பின் மறுமுனை பாட்டிலில், கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கியபடி. டியூப் நிப்பிளிலிருந்து மேலே ஏறி வளைந்து இறங்கட்டும். குமிழிகள் தானாக மேலே போய்விடும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும்.

நீங்கள் "மிதி" என்கிறீர்கள். அவர் இரண்டு மூன்று முறை நிதானமாக மிதித்து, கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்கிறார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். ஆயில் டியூப்பில் பாயும், பெடல் இறங்கும். இறங்கி நின்றதும் அவர் "தரை" என்கிறார், ஆனால் காலை எடுக்கவில்லை. நீங்கள் நிப்பிளை மூடிவிட்டு "மூடியாச்சு" என்ற பிறகுதான் கால் மேலே வரும். மெதுவாக. இரண்டு விநாடி விட்டு மறுபடி "மிதி".

"பிடி", "விடு" என்று கூப்பிடாதீர்கள். காருக்கு அடியிலிருந்து கத்தும்போது, தெருவில் ஒரு பைக் போனால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். நிப்பிள் திறந்திருக்கும்போது ஒரே ஒருமுறை கால் மேலே வந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கும், அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

படபடவென்று அடிக்கவும் கூடாது. ஏர் பொடிக் குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், வெளியே வர அடம்பிடிக்கும்.

பழைய கார் என்றால் பெடலுக்கு அடியில் ஓரிரு அங்குல மரக்கட்டை ஒன்றை வையுங்கள். அன்றாட ஓட்டத்தில் பெடல் தரைவரை போவதே இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தொடாத அந்தக் கடைசிப் பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். இன்று அதுவரை தள்ளினால் நன்றாக இருந்த ரப்பரும் கிழியலாம். "ஏர் எடுத்த மறுநாள் மாஸ்டர் போயிடுச்சு" என்று வொர்க்‌ஷாப்புகளில் புலம்புவதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எழுந்து போய் டப்பாவைப் பாருங்கள். பாதிக்குக் கீழே விடாதீர்கள். எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பலுக்குத்தான் விலை அதிகம்.

பழைய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். இளமஞ்சளாகத் தெளிந்து, குமிழி இல்லாமல் தொடர்ந்து நாலைந்து மிதிக்கு வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. பின் இடதுபக்கத்துக்குத்தான் நேரமும் ஆயிலும் அதிகம் ஆகும். குழாய் அவ்வளவு நீளம்.

ஆள் கிடைக்காதவர்கள் ஒருவழி வால்வு வைத்த டியூப் வாங்கித் தனியாகவும் செய்யலாம். எனக்கு முதல்முறைக்கு அது பிடிக்கவில்லை. டிரைவர் இருக்கையில் இருந்துகொண்டு டியூப்பில் என்ன வருகிறது என்று பார்க்க முடியாது.

9. எந்தச் சக்கரம் முதலில்?

மாஸ்டர் சிலிண்டருக்கு எது மிகத் தொலைவோ அது முதலில். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் பொதுவாக டிரைவர் பக்கம். ஆகவே பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அமெரிக்க வீடியோவில் பின் வலதில் தொடங்குவது அவர்கள் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருப்பதால். சில கார்களில் குறுக்குவாட்டு வரிசை சொல்லியிருப்பார்கள். சர்வீஸ் மேனுவலில் வேறு வரிசை இருந்தால் அதுதான் செல்லும்.

முடித்த நிப்பிளை அளவாக இறுக்குங்கள். 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். சின்ன ஸ்பேனரைக் கை மணிக்கட்டால் இறுக்கும் வலு. முழங்கை போட்டு இறுக்கினால் அடுத்த தடவை உடையப்போவது உறுதி. ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள், மண் அடைக்காமல் இருக்கும்.

10. தெருவுக்கு எடுப்பதற்கு முன்

டப்பாவை மேல் கோடு வரை நிரப்பி மூடியைத் திருகுங்கள். இன்ஜின் அணைந்த நிலையில் பெடல் உயரமாக, கட்டியாக நிற்க வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கையில் உதவியாளர் நான்கு நிப்பிளையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பார்க்கட்டும்.

பிறகு பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். பயப்படாதீர்கள், மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்கி நின்றால் சரி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் சரியில்லை.

வீல் நட்டுகளைக் குறுக்காக இறுக்கி, காரை இறக்கி, இன்னொருமுறை இறுக்குங்கள். ஆளில்லாத தெருவில், ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தபடி, நடக்கிற வேகத்தில் முதல் பிரேக். அப்புறம் 20, அப்புறம் 40. ஒருபக்கம் இழுக்கிறதா, பெடல் ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள். இன்னும் மெத்தென்றே இருந்தால் கைவசம் உள்ள இரண்டாவது புட்டியைத் திறந்து முதல் சக்கரத்திலிருந்து ஒரு சுற்று. அதற்கும் சரியாகவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, ஓட்ட வேண்டாம்.

11. பழைய ஆயிலும் பில்லும்

பாட்டிலில் சேர்ந்ததை டப்பாவில் திரும்ப ஊற்றக் கூடாது, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும். சாக்கடையிலும் செடியடியிலும் கொட்டாதீர்கள், அது விஷம். தண்ணீர் பாட்டிலில் இருப்பதால் யாராவது எடுத்துக் குடித்துவிடவும் கூடும்; அன்றே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வார்கள்.

ஆயில் வாங்கிய பில்லைச் சர்வீஸ் புத்தகத்தோடு பின் செய்து, தேதியும் கிலோமீட்டரும் ஆயிலின் வகையும் எழுதிவிடுங்கள். காரை விற்கும்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் தினமும் காலையில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். ஒரு கோடு இறங்கினாலும் எங்கோ ஒரு நிப்பிள் கசிகிறது. புட்டியில் மீந்த ஆயிலை அந்த வாரம் வரை வைத்திருந்து, பிறகு பழைய ஆயிலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறைக்குப் புதுப் புட்டி.